முதல் மோட்டார் சைக்கிள்: பின்னால் இருந்தவர் சொன்ன கதை

மாரி காலத்தில் ஒரு நாள், பாடசாலை இடைவேளை நேரம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. ஆசிரியர் அறையில் நாங்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, மதில் ஓரமாக ஒரு பழைய ஹொண்டா நைன்டி போனது. இப்போதைய பைக்குகளின் இரைச்சல் அதற்கில்லை. தையல் மெஷின் ஓடுவது போன்ற மெல்லிய சத்தம். பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் ஜன்னலால் எட்டிப் பார்த்தோம்.

"என்ட முதல் வண்டியும் இந்த இனம்தான்" என்று ஒருவர் ஆரம்பித்தார். அவ்வளவுதான். மணி அடிக்கும் வரை அந்த அறையில் வேறு பேச்சில்லை.

வாசக சகோதரிகளே! உங்கள் வீட்டு ஆண்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கலியாண நாளைக் கேட்டால் சற்று யோசித்துத்தான் சொல்வார்கள். முதல் மோட்டார் சைக்கிளின் இலக்கத்தைக் கேட்டால் தயங்காமல் ஒப்புவிப்பார்கள். அதன் நிறம், வாங்கிய விலை, முதன்முதலாக விழுந்த இடம் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அன்று எங்கள் ஆசிரியர் அறையிலும் அப்படித்தான் நடந்தது.

களவெட்டியில் கற்ற பாடம்

முதலில் பேசியவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய எங்கள் மூத்த ஆசிரியர். விவசாயக் குடும்பத்தவர். 1980களின் ஆரம்பத்தில், பெரும்போகம் நன்றாக விளைந்த ஒரு வருடம், அவருடைய வாப்பா நெல் விற்ற காசில் ஒரு ஹொண்டா பிப்டி வாங்கிக் கொடுத்தாராம். ஓட்டப் பழகியது சூடடித்து முடிந்த களவெட்டியில். வண்டி கிளம்பிவிட்டது, எப்படி நிறுத்துவது என்பது மறந்துவிட்டது. களவெட்டியை மூன்று முறை சுற்றிவிட்டு நேரே வைக்கோல் போருக்குள் புகுந்துவிட்டார்.

"வாப்பா கடுமையான மனுசன். அடிக்கத்தான் வாறார் எண்டு நினைச்சன். கிட்ட வந்து பார்த்துப்போட்டு, வயிற்றப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சார். அவர் அப்படிச் சிரிச்சதை நான் அண்டைக்குத்தான் கண்டன்" என்றார். அந்த வாப்பா மௌத்தாகி இருபது வருடங்களுக்கு மேலாகின்றன. வண்டியும் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் அவரிடம் இருக்கிறது.

அடுத்தவர் விஞ்ஞான ஆசிரியர். அவருடையது ஹொண்டா சீ.டி. 125. இரண்டு சிலிண்டர், இரு பக்கமும் இரண்டு சைலன்சர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் அதைக் குளிப்பாட்டித் துடைப்பதற்கு ஒரு மணி நேரம் எடுப்பாராம். "சாப்பிட்ட கோப்பையை ஒரு நாளாவது இப்படிக் கழுவினாயா மகனே?" என்று உம்மா கேட்டதைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார்.

சாவி மட்டும் வந்தது

மூன்றாமவர் பேசியபோது சிரிப்பு அடங்கியது. அவர் யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து, புத்தளத்தில் வளர்ந்து, எங்கள் ஊரில் மணமுடித்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் சொன்னது தன்னுடைய வண்டியைப் பற்றியல்ல. தன் வாப்பாவின் முதல் வண்டியைப் பற்றி.

வாப்பா வியாபாரி. பல வருடம் சைக்கிள் மிதித்த பிறகு வாங்கிய மோட்டார் சைக்கிள் அது. சிறுவனான இவர் முன்னால், உம்மா பின்னால் என்று மூவரும் அஸருக்குப் பின் காற்று வாங்கப் போவார்களாம். 1990இல் மீண்டும் யுத்தம் தொடங்கிப் பெற்றோல் கிடைக்காமல் போனதும், வண்டியைத் துணியால் மூடி விறாந்தையில் நிறுத்தி வைத்தார்கள். அவ்வருடம் ஒக்டோபர் 30ஆந் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். உடுத்த உடுப்போடு புறப்பட்ட அந்தச் சனத்தோடு சனமாக இவர்களும் நடந்தார்கள். வண்டி விறாந்தையிலேயே நின்றது.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் முதல் இரவு. வாப்பா சட்டைப் பையைத் துழாவியபோது மோட்டார் சைக்கிளின் சாவி கையில் பட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. உம்மா அதை வாங்கித் தன் முந்தானையில் முடிந்து கொண்டார். யுத்த நிறுத்தம் வந்த 2002இல் ஊரைப் பார்க்கப் போனபோது வீட்டுக்குக் கூரையில்லை, வண்டியும் இல்லை. சாவி இன்றும் உம்மாவின் அலுமாரிக்குள் இருக்கிறதாம். "வாப்பா மௌத்தான பிறகும் உம்மா அதுக்கு எண்ணெய் பூசி வைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு நண்பர் எழுந்து போய் ஜன்னல் ஓரத்தில் நின்றார்.

என்னுடைய நைன்டி

என் முறையும் வந்தது. நான் 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாங்கியது ஒரு பழைய சிவப்பு நிற ஹொண்டா நைன்டி. அப்போது எனக்கு இறக்காமம் பக்கத்தில் ஒரு பாடசாலை. சம்மாந்துறையிலிருந்து பஸ்ஸை நம்பிப் போனால் பாதி நாள் முதல் பாடம் தவறிவிடும். விலை 45 ஆயிரம் ரூபாய். எப்படியோ காசைச் சேர்த்து வாங்கிவிட்டேன் என்று நண்பர்களிடம் சொன்னேன். இந்த "எப்படியோ" என்ற சொல்லை வாசகியர் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வருகிறேன்.

அந்த வருடம் டிசம்பர் 26ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தது. சாய்ந்தமருது, காரைதீவு, கல்முனை, மருதமுனை என்று கரையோரம் முழுவதும் அழிந்தது. உள்நாட்டிலிருந்த எங்கள் ஊரின் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் அன்றே அகதிகளால் நிறைந்தன. வான்கள் போக முடியாமல் பாதையெங்கும் முறிந்த மரமும் சுவரும் கிடந்தபோது, என் நைன்டி இடைவெளிகளில் நுழைந்து போனது. போகும்போது தண்ணீர்ப் போத்தல்கள். வரும்போது பின்னால் ஒருவர். ஒரு வயோதிபத் தாயைச் சாய்ந்தமருதிலிருந்து ஏற்றி வந்தேன். வழி நெடுக என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு, காணாமற்போன பேரப்பிள்ளையின் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த வண்டியை நினைத்தால் எனக்கு அந்தத் தாயின் குரல்தான் முதலில் கேட்கும்.

இதை நான் சொல்லி முடித்ததும் எல்லோரும் சற்று நேரம் மௌனமாக இருந்தார்கள். அப்போது மூலையில் அப்பியாசக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை தலை நிமிர்ந்தார். தினமும் தன் இரு பிள்ளைகளோடு ஸ்கூட்டரில் வருபவர். தம்பியைக் கூட்டிக்கொண்டு, ஊர் அடங்கிய பிறகு விளையாட்டு மைதானத்தில் ஒரு மாதமாக ஓட்டப் பழகியவர்.

"சேர், நான் ஓட்டவும் செய்யுறன், அதுக்கு முன்னம் பன்னிரண்டு வருசம் பின்னால இருந்தும் போயிரிக்கன். முன்னால இருக்கிறவருக்கு ஒரு கதை, பின்னால இருக்கிறவருக்கு வேற கதை. நீங்க எல்லாரும் ஒரு கதையத்தான் சொல்லுறீங்க" என்றார்.

மணி அடித்தது. அவர் சொன்னது என்னோடு வகுப்புக்கும் வந்தது, வீட்டுக்கும் வந்தது.

வீட்டில் கேட்ட கதை

அன்றிரவு இஷாவுக்குப் பின், என் நைன்டிக் கதையை மனைவியிடம் சொன்னேன். பாடசாலையில் சொன்னதைவிடச் சற்று அழகாகவே சொன்னேன். அவர் கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டுவிட்டு,

"இஞ்சருங்க, இந்தக் கதையில நான் எங்க இரிக்கன்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார்.

"45 ஆயிரத்தில ஒங்கட கையில இருந்தது 25. மிச்சத்துக்கு என்ட காப்பு ரெண்டும் போச்சு. என்ட உம்மா போட்ட காப்பு. 'அடுத்த போகத்துக்குள்ள திருப்பித் தருவன்' எண்டு சொன்னீங்க. எத்தின போகம் போச்சு?"

நான் "எப்படியோ" என்று சொன்ன இடத்தில் இருந்தது அந்தக் காப்புகள். மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. உண்மையிலேயே என் நினைவில் அவை இல்லை. வண்டியின் இலக்கம் இருந்தது. பெற்றோல் தாங்கியில் இருந்த கீறல் இருந்தது. காப்புகள் இல்லை.

அதோடு முடியவில்லை. "காரைதீவில விழுந்தது ஞாபகமிரிக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். 2007இல், மூத்த மகளுக்கு இரண்டு வயது, காய்ச்சல். கல்முனையில் டாக்டரிடம் காட்டிவிட்டு மஃரிபுக்கு முன் திரும்பி வந்தோம். காரைதீவுச் சந்தியைத் தாண்டியதும் வண்டி இழுத்துக்கொண்டு சரிந்தது. செயின் அறுந்து, பல்சக்கரமும் பழுதாகி, இரண்டு நாள் கராஜில் கிடந்தது. இதுதான் என் ஞாபகம்.

மனைவியின் ஞாபகம் வேறு. நைன்டியின் செயின் இடது பக்கம். நம் பெண்கள் ஒரு பக்கமாக அமர்வதும் இடது பக்கம் பார்த்துத்தான். அவருடைய அபாயாவின் ஓரம் செயினுக்குள் போய்ச் சுற்றியது. இழுபட்டு விழும்போது பிள்ளையை மேலே தூக்கிப் பிடித்தபடி முழங்கையைத் தரையில் ஊன்றினார். ஹெல்மட் அணிந்திருந்தது நான் மட்டும். அவருக்கென்று ஒன்று எங்கள் வீட்டில் இருக்கவே இல்லை.

"நீங்க வண்டியத்தான் முதல்ல தூக்கினீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

பாதையோர வீட்டிலிருந்து ஒரு தமிழ் அம்மா கத்தரிக்கோலோடு ஓடி வந்தாராம். "புள்ள, அசையாம இரி" என்று சொல்லி, செயினில் இறுகிய துணியை வெட்டி விடுவித்து, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் சீலையை எடுத்து மனைவியைச் சுற்றி மூடிவிட்டாராம். ஒரு கிழமை கழித்து, சீலையைத் துவைத்து மடித்து, தொதலும் கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். "நீங்க எஞ்சினையும் நிப்பாட்டாம ரோட்டிலயே நிண்டீங்க. அந்த அம்மா ஒங்களையும் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டா" என்றார்.

அந்த அம்மாவின் முகம்கூட என் நினைவில் இல்லை. என் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிய ஒருவர்!

இறுதியாக ஒன்று கேட்டார்: "செயின் கவரக் கழட்டினது ஆரு?"

நான்தான். அது கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கராஜில் "பூட்ட வேணாம், அப்படியே விடுங்க" என்று சொன்னவன் நான். ஒரு சத்தம் எனக்கு இடைஞ்சலாக இருந்ததற்காக.

அவரிடம் இனிய நினைவுகள் இல்லாமலில்லை. ஒரே மழைக்கோட்டுக்குள் மூவரும் ஒண்டிக்கொண்டு உம்மா வீட்டிலிருந்து வந்த இரவுகள், நிந்தவூர்க் கடற்கரையில் வண்டியில் சாய்ந்துகொண்டு தின்ற ஐஸ்பழம் என்று அவரும் சொன்னார். வாகனத்தில் ஏறும்போது நான் ஓதும் துஆவைக் கேட்டுக் கேட்டே மகள் அதை மழலையில் ஓதத் தொடங்கினாள் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்கு நினைவு வந்தது. பின்னால் இருந்தவரிடம் என்னிடம் இருந்ததைவிட அதிகம் இருந்தது.

அந்த வண்டியைச் செய்தவர்கள் நினைத்தது

மறுநாள் அந்த வண்டி பிறந்த வரலாற்றைத் தேடி வாசித்தேன். பெண்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி அதில் இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருடம், 1946இல், ஜப்பானின் ஹமமட்சு நகரில் சொய்சிரோ ஹொண்டா என்பவர் இராணுவ வானொலிக் கருவிக்காகச் செய்யப்பட்ட சிறிய எஞ்சின் ஒன்றைச் சைக்கிளில் பூட்டினார். எண்ணெய்த் தாங்கியாக முதலில் பயன்பட்டது வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் கலன். யுத்தத்துக்குப் பின் உணவுப் பொருள் தேடிச் சைக்கிளில் அலைந்து களைத்த அவருடைய மனைவி சச்சிதான் அதை ஓட்டிப் பார்த்தவர்களில் முதன்மையானவர். சனம் நிறைந்த வீதியில் ஓட்டிவிட்டு வந்த அவர், தன் நல்ல உடுப்பெல்லாம் எண்ணெயாகிவிட்டது, இப்படியே விற்றால் வாங்குபவர்கள் வந்து ஏசுவார்கள் என்று கணவரிடம் சொன்னார். ஹொண்டா அக்குறையைத் திருத்தினார். பின்னால் உலகம் முழுவதும் பரந்த ஒரு தொழிலின் ஆரம்பத்தில், தன் உடுப்பைக் காட்டிக் குறை சொன்ன ஒரு மனைவி இருந்தார்.

1958 ஓகஸ்டில் ஹொண்டாவும் அவருடைய பங்காளி டகேயோ புஜிசாவாவும் சுப்பர் கப் என்ற வண்டியை வெளியிட்டார்கள். நம் ஊரில் ஓடிய பிப்டி, நைன்டி எல்லாம் இதன் குடும்பத்தவைதான். நீண்ட உடை அணிந்தவரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறத்தக்கதாக நடுவில் தாழ்ந்த சட்டம். சேறு படாமல் காலை மறைக்கும் பிளாஸ்டிக் மறைப்பு. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திச் செல்லும் கடைப் பையனும் ஓட்டத்தக்கதாகக் கையால் பிடிக்கும் கிளச் இல்லாத அமைப்பு. செயினோ முழுவதுமாகப் பெட்டி போல மூடப்பட்டிருந்தது. 2017இல் இவ்வினத்தின் மொத்தத் தயாரிப்பு 10 கோடியைத் தாண்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் இவ்வளவு தொகையில் செய்யப்பட்டதில்லை.

எங்கோ ஜப்பானில் இருந்தவர்கள், உடை அழுக்காகும், துணி சிக்கும் என்று யோசித்து மூடி வைத்ததை, சொந்த மனைவியைப் பின்னால் ஏற்றிப் போகும் நான் கழற்றி எறிந்தேன். வாசித்தபோது வெட்கமாக இருந்தது.

சில நடைமுறை வார்த்தைகள்

என் அனுபவம் வேறொரு வீட்டுக்கு வராதிருக்கச் சிலவற்றைச் சொல்கிறேன். சகோதரிகள் இவற்றை வீட்டு ஆண்களுக்கு வாசித்துக் காட்டலாம்.

1. வண்டியின் செயின் கவரும், பின் சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் கம்பித் தடுப்பும் இருக்கின்றனவா என்று நீங்களே குனிந்து பாருங்கள். அழகுக்காகவும் சத்தத்துக்காகவும் அவற்றைக் கழற்ற விடாதீர்கள்.

2. ஏறி அமர்ந்ததும் அபாயாவின் ஓரத்தையும் சால்வையின் நுனியையும் சேர்த்து மடிக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். "சரி, போகலாம்" என்று நீங்கள் சொன்ன பிறகே வண்டி புறப்பட வேண்டும்.

3. ஹெல்மட் பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி கட்டாயம். சட்டம் இருக்கட்டும், தரை முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஒரே கடினம்தான். உங்கள் தலைக்குப் பொருத்தமான ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வாரைப் பூட்டாமல் அணிவது அணியாததற்குச் சமம்.

4. சிறு பிள்ளையைப் பெற்றோல் தாங்கியில் இருத்துவதைத் தவிருங்கள். சடுதியாகப் பிரேக் பிடித்தால் முதலில் முன்னால் அடிபடுவது அந்தப் பிள்ளைதான்.

5. வேகம் கூடினால் தோளில் தட்டுங்கள். அது மரியாதைக் குறைவல்ல.

கடன் கடன்தான்

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியின் நகை மனைவியின் சொத்து. அவர் மனம் விரும்பி அன்பளிப்பாகத் தந்தால் அது அவருடைய பெருந்தன்மை. திருப்பித் தருவேன் என்று சொல்லி வாங்கினால் அது கடன். எத்தனை வருடம் கடந்தாலும், ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும், அவர் கேட்காமலே இருந்தாலும் கடன் கடன்தான். கடனைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வருடந்தோறும் பாடம் நடத்துகிறவன் நான். என் வீட்டுக் கடன் சமையலறையில் பேசாமல் இருந்திருக்கிறது.

அந்த இரண்டு காப்பும் சேர்த்து இரண்டு பவுன். அன்று அவற்றை விற்ற 20 ஆயிரத்துக்கு இன்று ஒரு கிராம் தங்கம்கூட வாங்க முடியாது. ஆனால் நான் அவரிடம் வாங்கியது தங்கம். ஆகவே திருப்ப வேண்டியதும் அந்த எடைத் தங்கம்தான். மாதச் சம்பளத்தில் ஒரு தொகையை இதற்கென்று ஒதுக்கத் தொடங்கியிருக்கிறேன். முடிய வருடங்கள் ஆகலாம். தொகையை ஒரு கொப்பியில் எழுதி மனைவியிடமே கொடுத்து வைத்திருக்கிறேன்.

காரைதீவுக்கும் போனோம். அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த அம்மா இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இம்முறை நான் வண்டியை நிறுத்தி இறங்கித்தான் போனேன். ஆனால் பதினெட்டு வருடம் பிந்திப் போயிருக்கிறேன்.

அன்று தோளில் தட்டப்பட்ட குழந்தைக்கு இப்போது இருபது வயது. கல்லூரிக்குப் போய்வர ஸ்கூட்டர் ஒன்று வேண்டுமென்று சில காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான்தான் "பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டுவந்தேன். சென்ற கிழமை மனைவி ஒரு கடதாசித் துண்டை என் முன்னால் வைத்தார். இரண்டு கடைகளில் விசாரித்த விலைகள் அதில் எழுதியிருந்தன. அதன் கீழே இரண்டு ஹெல்மட்டுகளின் விலையும் இருந்தது.

"ஸ்கூட்டருக்கு வெளியில செயின் இல்ல. கடையில குனிஞ்சி பார்த்துப்போட்டுத்தான் வந்தன்" என்றார்.

"இரண்டு ஹெல்மட் எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்டு மகளுக்கு. மத்தது எனக்கு. பின்னால நான்தானே இரிக்கப் போறன்!"